கூட்டாளி விமானத்தில் வவுச்சர் செல்லவில்லையா? எங்கே சிக்குகிறது என்று இப்படிப் பாருங்கள்

அமெரிக்க விமான நிறுவனம் ஒன்றின் வவுச்சரைக் கையில் வைத்துக்கொண்டு சென்னைக்கு டிக்கெட் போட முயன்றவர்களுக்கு இந்தத் தலைவலி தெரிந்திருக்கும். யுனைடெட், அமெரிக்கன், டெல்டா மூன்றில் எதுவும் சென்னைக்குத் தன் சொந்த விமானத்தை விடுவதில்லை. ஃபிராங்ஃபர்ட்டிலிருந்து லுஃப்தான்சா, லண்டனிலிருந்து பிரிட்டிஷ் ஏர்வேஸ் என்று மீதித் தூரத்துக்கு அவர்களுடைய கூட்டாளியான வேறொரு நிறுவனத்தின் விமானத்தில் ஏற வேண்டியிருக்கிறது. வவுச்சர் முட்டி நிற்பதும் அந்த இடத்தில்தான். நானும் என் வீட்டு ஆட்களும் இதில் பட்ட பாட்டில் தெரிந்துகொண்டதை, எந்தப் பிழை வந்தால் எதைப் பார்க்க வேண்டும் என்ற வரிசையில் எழுதுகிறேன்.

அதற்கு முன்னால் ஒன்று. வவுச்சர் என்பது பணம் இல்லை. ஜவுளிக்கடையில் துணியைத் திருப்பிக் கொடுத்தால், காசு தராமல், அடுத்த முறை பில்லில் கழித்துக்கொள்ளலாம் என்று ஒரு சீட்டு எழுதித் தருவார்களே, அதே மாதிரிதான். அந்தச் சீட்டைப் பக்கத்துக் கடையில் நீட்ட முடியாது. ஆனால் அதே கடைக்காரர், நீங்கள் கேட்ட சேலை தன்னிடம் இல்லாமல், பக்கத்துக் கடையிலிருந்து வரவழைத்துத் தன் பில்லில் போட்டுக் கொடுத்தால் சீட்டு செல்லும். பக்கத்துக் கடைக்காரருக்குச் சேர வேண்டியதை அவர்கள் இருவரும் பின்னால் தீர்த்துக்கொள்வார்கள். விமான நிறுவனங்களுக்கு இடையிலும் அப்படித்தான் நடக்கிறது, விமான நிறுவனங்களின் சர்வதேசச் சங்கமான ஐயாட்டாவின் கிளியரிங் ஹவுஸ் என்ற அமைப்பே இந்தக் கணக்குத் தீர்ப்பதற்காக இருக்கிறது. ஆக, நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி 'யார் விமானத்தில் பறக்கப் போகிறேன்' என்பதில்லை, 'யார் பில்லில் இந்த டிக்கெட் எழுதப்படுகிறது' என்பதுதான்.

யார் பில் என்பதை டிக்கெட் எண்ணைப் பார்த்தே சொல்லிவிடலாம். இப்படிப்பட்ட நிறுவனங்களின் எந்த டிக்கெட்டுக்கும் 13 இலக்க எண் உண்டு, அதில் முதல் 3 இலக்கம் டிக்கெட்டை எழுதிய நிறுவனத்தைக் குறிக்கும். யுனைடெட் என்றால் 016, அமெரிக்கன் 001, டெல்டா 006, ஏர் கனடா 014, லுஃப்தான்சா 220, பிரிட்டிஷ் ஏர்வேஸ் 125, சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 618, ஏர் இந்தியா 098. யுனைடெட் கொடுத்த வவுச்சர் 016-இல் தொடங்கும் டிக்கெட்டைத்தான் வாங்கும். 220-இல் தொடங்கும் டிக்கெட்டை எத்தனை மணி நேரம் போராடினாலும் வாங்காது.

கூட்டாளியின் தளத்தில் வவுச்சர் எண்ணை ஏற்கவில்லை

ஏற்காது, முயற்சியை அங்கேயே விட்டுவிடுங்கள். ஸ்டார் அலையன்ஸ், ஒன்வேர்ல்ட், ஸ்கைடீம் என்று ஏதாவது ஒரு கூட்டணியில் இரண்டு நிறுவனங்களும் சேர்ந்தே இருக்கிறார்களே என்று தோன்றும். அந்தக் கூட்டணி மைல் புள்ளி சேர்ப்பதற்கும் லவுஞ்சில் உட்காருவதற்கும் உதவும், வவுச்சருக்கு உதவாது. மேக்மைட்ரிப், எக்ஸ்பீடியா போன்ற தளங்களில் போட்டுப் பார்ப்பதும் பெரும்பாலும் வீண் வேலைதான். வவுச்சர் கொடுத்த நிறுவனத்தின் சொந்தத் தளம், சொந்த ஆப், இல்லையென்றால் அவர்களுடைய தொலைபேசி எண். பொதுவாக வேறு இடம் கிடையாது.

சரியான தளம்தான், விமானமும் தெரிகிறது, ஆனால் பணம் கட்டும் பக்கத்தில் வவுச்சர் போடும் பெட்டியே இல்லை

அதிகம் பேர் விழும் குழி இது. நானும் விழுந்தேன். ஒரு விமானத்தில் இருக்கையை விட்டுக்கொடுத்ததற்காகக் கிடைத்த வவுச்சரை வைத்து ஊருக்குப் போக டிக்கெட் போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு சாயங்காலம் முழுக்க பெட்டி வரவில்லை, மறுநாளும் வரவில்லை. உலாவியை மாற்றினேன், குக்கீயை அழித்தேன், வேறு கணினியில் போட்டேன். கடைசியில் தவறு எங்கே என்றால், தேடலில் ஒரே விமானம் இரண்டு வரிகளில் வந்திருக்கிறது, நான் விலை கொஞ்சம் குறைவாக இருந்த வரியைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன், அந்த வரியில் இருந்தது கூட்டாளியின் எண்.

இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். கோட்ஷேர் என்ற ஏற்பாட்டில் ஒரே விமானத்துக்கு இரண்டு, மூன்று எண்கள் கூட இருக்கும். உண்மையில் பறக்கும் நிறுவனத்தின் எண் ஒன்று, அதில் இருக்கைகளை விற்கும் கூட்டாளிகளின் எண்கள் மற்றவை. ஃபிராங்ஃபர்ட்டிலிருந்து சென்னை வரும் லுஃப்தான்சா விமானம் எல்எச் 758. அதே விமானத்தை யுனைடெட் விற்றால் யூஏ என்று தொடங்கும் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும், அதன் கீழே சின்ன எழுத்தில் 'ஆபரேட்டட் பை லுஃப்தான்சா' என்று போட்டிருக்கும். வவுச்சர் கொடுத்த நிறுவனத்தின் எழுத்துகளில் தொடங்கும் எண்ணைத்தான் நீங்கள் எடுக்க வேண்டும். பல வவுச்சர்களின் விதிகளில் 'எங்கள் எண்ணில் விற்கப்படும் விமானங்களுக்கு மட்டும்' என்று இருக்கும். அதைவிட இறுக்கமாக 'நாங்களே இயக்கும் விமானங்களுக்கு மட்டும்' என்று இருந்தால் கோட்ஷேரும் உதவாது. இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் உள்ள வேறுபாடு மிகப் பெரியது, வவுச்சர் வந்த மின்னஞ்சலின் அடியில் இருக்கும் விதிகளில் இந்த ஒரு வரியை மட்டுமாவது தேடிப் படித்துவிடுங்கள்.

இருக்கையை விட்டுக்கொடுக்கும்போது அமெரிக்காவில் வவுச்சர் நீட்டினால், நீங்கள் சம்மதிக்கும் முன்பே அதன் முக்கியமான கட்டுப்பாடுகளைச் சொல்லியாக வேண்டும் என்று அந்நாட்டுப் போக்குவரத்துத் துறை விதியே இருக்கிறது. கேட்டில் நிற்கும் அந்த அவசரத்தில் நாம் கேட்பதில்லை. 'கோட்ஷேருக்குச் செல்லுமா, காலாவதி எப்போது, வேறு ஆளுக்குப் பயன்படுத்தலாமா' என்று மூன்றையும் கேட்டுவிட்டுத் தலையாட்டுங்கள்.

சரி, எண்ணும் சரியாக இருக்கிறது, பெட்டி இன்னும் வரவில்லை என்றால்? வவுச்சர் டாலரில் இருக்க நீங்கள் இந்தியத் தளத்தில் ரூபாயில் டிக்கெட் போடுகிறீர்களா என்று பாருங்கள், தளத்தின் மேலே உள்ள நாட்டை மாற்றிவிட்டு முதலிலிருந்து தேடுங்கள். பயணம் புறப்படும் நாட்டை வைத்தும் சில தளங்கள் நாணயத்தைத் தீர்மானிக்கும், சென்னையிலிருந்து புறப்படும் ஒருவழி டிக்கெட்டில் இது அடிக்கடி மாட்டும். அப்புறம் மைலையும் வவுச்சரையும் ஒரே டிக்கெட்டில் கலக்கப் பார்க்கிறீர்களா, வழியில் மூன்றாவது நிறுவனம் ஒன்று நுழைந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

எதுவுமே சரிவரவில்லை என்றால் போன் போடுங்கள். போடுவதற்கு முன் தேதி, விமான எண், கட்டண வகுப்பு மூன்றையும் காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 'வவுச்சர் வேலை செய்யவில்லை' என்று சொன்னால் தளத்தில் முயன்று பாருங்கள் என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். 'இந்தக் கோட்ஷேர் விமானத்தை உங்கள் எண்ணிலேயே, உங்கள் டிக்கெட்டாகவே எழுதி, வவுச்சரை அதில் கழிக்க வேண்டும், இணையதளத்தில் முடியவில்லை, அதனால் போனில் போடுவதற்கான கட்டணத்தை விட்டுவிடுங்கள்' என்று கேளுங்கள். இப்படிக் கேட்டால் விஷயம் தெரிந்த ஆள் என்று எதிரில் இருப்பவருக்குப் புரிந்துவிடும்.

எண்ணைப் போட்டால் 'செல்லாத எண்' என்கிறது

பாதி நேரம் எண் சரிதான், பெட்டிதான் தவறு. வவுச்சர் என்று நாம் பொதுவாகச் சொல்வதில் குறைந்தது இரண்டு ரகம் இருக்கிறது. ரத்து செய்த பழைய டிக்கெட்டின் மதிப்பு ஒரு ரகம், இதற்கு யுனைடெட்டில் ஃபியூச்சர் ஃபிளைட் கிரெடிட் என்று பெயர், அமெரிக்கனில் ஃபிளைட் கிரெடிட். நட்ட ஈடாகவோ சமாதானமாகவோ கொடுப்பது இன்னொரு ரகம், யுனைடெட்டில் டிராவல் சர்ட்டிஃபிகேட், அமெரிக்கனில் டிரிப் கிரெடிட். டெல்டா எல்லாவற்றையும் ஈ-கிரெடிட் என்ற ஒரே குடைக்குள் வைத்திருக்கிறது, ஆனால் உள்ளே ரகங்கள் வேறு வேறுதான். முதல் ரகத்துக்குப் பழைய டிக்கெட்டின் 13 இலக்க எண் அல்லது பிஎன்ஆர் கேட்பார்கள். இரண்டாவது ரகத்துக்கு வவுச்சரின் சொந்த எண், சிலவற்றுக்குக் கூடவே ஒரு பின் எண். ஒன்றின் எண்ணை மற்றொன்றின் பெட்டியில் போட்டால் செல்லாதது என்றுதான் வரும். முன்னால் உள்ள பூஜ்யங்களை விடாமல் போடுங்கள், மின்னஞ்சலிலிருந்து நகல் எடுத்து ஒட்டும்போது கடைசியில் ஒட்டிக்கொள்ளும் இடைவெளியை அழியுங்கள்.

பெயர் பொருந்தவில்லை என்கிறது

முதலில் ரகத்தைப் பாருங்கள். பழைய டிக்கெட்டின் மதிப்பு என்றால் அந்தப் பயணியின் பெயருக்கு மட்டும்தான், அப்பா டிக்கெட்டை ரத்து செய்து வந்த கிரெடிட்டில் அம்மா போக முடியாது. டிராவல் சர்ட்டிஃபிகேட், டிரிப் கிரெடிட் இரண்டையும் வேறு ஆளுக்கு டிக்கெட் எடுக்கவும் பயன்படுத்தலாம்.

ஆள் அதே ஆள்தான், ஆனாலும் பொருந்தவில்லை என்றால் அது நம் இனிஷியல் படுத்தும் பாடு. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடம் காலியாக இருக்கும், அமெரிக்க விசாவில் முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்என்யூ (முதல் பெயர் தெரியவில்லை என்று பொருள்) என்று அச்சாகியிருக்கும், ஒரு நிறுவனம் அப்பா பெயரைக் கடைசிப் பெயராகப் போட்டிருக்கும், இன்னொன்று இருக்கிற ஒரே பெயரை இரண்டு முறை போட்டிருக்கும். என் அம்மாவின் பழைய டிக்கெட் ஒரு மாதிரியும், புதுப் பாஸ்போர்ட் வேறு மாதிரியும் இருந்தன. அவர் பெயரில் இருந்த கிரெடிட்டை அவருக்கே பயன்படுத்த முடியவில்லை. இதைத் தளத்தில் தீர்க்க முடியாது. போனில் கூப்பிட்டு, பழைய டிக்கெட்டையும் பாஸ்போர்ட்டையும் காட்டி, இரண்டும் ஒரே ஆள்தான் என்று கிரெடிட்டின் பதிவிலேயே குறிப்பு எழுத வைக்க வேண்டும். வவுச்சரில் உள்ள பெயருக்கு ஏற்ற மாதிரி டிக்கெட்டில் பெயரைப் போட்டுச் சமாளிக்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். டிக்கெட் எப்போதும் பாஸ்போர்ட்டில் இருப்பது போலவே இருக்க வேண்டும், கோட்ஷேரில் செக்-இன் செய்வது கூட்டாளி நிறுவனம், அவர்களுக்கு உங்கள் வவுச்சர் கதை எதுவும் தெரியாது.

வவுச்சர் ஏறிவிட்டது, ஆனால் முழுத் தொகையும் கழியவில்லை

சில வவுச்சர்கள் அடிப்படைக் கட்டணத்தை மட்டும் கழிக்கும், வரிகளைக் கார்டில் கட்டச் சொல்லும். ஐரோப்பிய கூட்டாளிகளின் டிக்கெட்டில் அடிப்படைக் கட்டணம் சிறியதாகவும் 'நிறுவனம் விதிக்கும் கூடுதல் கட்டணம்' பெரியதாகவும் இருப்பது வழக்கம். அந்தக் கூடுதல் கட்டணம் அரசு வரி கிடையாது, ஆனால் விலைப் பட்டியலில் வரியோடு சேர்ந்து உட்கார்ந்திருக்கும். விலையைப் பிரித்துக் காட்டும் இணைப்பைத் திறந்து, எது எவ்வளவு என்று பாருங்கள். இருக்கை, சாமான் பெட்டி இவற்றுக்கான கட்டணத்துக்கும் பெரும்பாலும் வவுச்சர் செல்லாது.

பிஎன்ஆர் வந்துவிட்டது, வவுச்சர் இருப்பும் பூஜ்யம் ஆகிவிட்டது, டிக்கெட் எண் மட்டும் வரவில்லை

இந்தப் பட்டியலில் ஆபத்தானது இதுதான், ஏனென்றால் பார்ப்பதற்கு எல்லாம் சரியாக முடிந்தது போலவே இருக்கும். என் தம்பி குடும்பத்தில் நான்கு பேர் பொங்கலுக்கு ஊருக்குப் போக இப்படிப் போட்டார்கள், வவுச்சர் மூன்று, மீதி கார்டில். பிஎன்ஆர் வந்தது, இருக்கைகூடத் தேர்ந்தெடுத்தார்கள். ஒன்பது நாள் கழித்து ஆப்பைத் திறந்தால் ஐரோப்பாவிலிருந்து சென்னை வரும் பகுதி காணோம்.

நடந்தது இதுதான். பிஎன்ஆர் என்பது இருக்கைக்கான பதிவு, டிக்கெட் என்பது பணம் கட்டியதற்கான ஆவணம், இரண்டும் வேறு. கார்டில் கட்டினால் டிக்கெட் பொதுவாகச் சில நிமிடங்களில் உருவாகிவிடும். வவுச்சரோடு கூட்டாளி விமானமும் சேர்ந்தால் சில நேரம் அது தானாக உருவாகாமல், ஊழியர் ஒருவர் கையால் முடிக்க வேண்டிய வரிசையில் போய் நிற்கும். கூட்டாளியோ, குறிப்பிட்ட நேரத்துக்குள் டிக்கெட் எண் தன்னிடம் வந்து சேரவில்லை என்றால் இருக்கையை விடுவித்துவிடும். அவர்கள் கணினிக்கு நீங்கள் பணம் கட்டாத ஆள்.

அதனால் பதிவு செய்த அன்றே மின்னஞ்சலைத் திறந்து 13 இலக்க எண் இருக்கிறதா என்று பாருங்கள், ஒவ்வொரு பயணிக்கும் தனித்தனியாக இருக்க வேண்டும். சில மணி நேரம் கழித்தும் இல்லையென்றால் கூப்பிடுங்கள். கூப்பிடும்போது 'டிக்கெட் கன்ஃபர்ம் ஆகிவிட்டதா' என்று கேட்காதீர்கள், ஆகிவிட்டது என்றுதான் பதில் வரும், ஏனென்றால் இருக்கைப் பதிவு உண்மையிலேயே கன்ஃபர்ம் என்றுதான் திரையில் இருக்கும். தம்பிக்கு முதல் முறை அப்படித்தான் சொல்லி வைத்துவிட்டார்கள். 'டிக்கெட் எண்ணைப் படித்துச் சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறேன்' என்று கேளுங்கள். எண் இல்லையென்றால் அப்போதுதான் அவர்களுக்கே தெரியவரும். கூடவே கூட்டாளியின் பிஎன்ஆரையும் கேட்டு வாங்குங்கள், அது வேறு ஆறு எழுத்தாக இருக்கும். அதை வைத்துக் கூட்டாளியின் தளத்தில் 'என் பயணங்கள்' பக்கத்தில் நுழைந்தால், அவர்கள் பக்கத்திலும் டிக்கெட் போய்ச் சேர்ந்ததா என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். இருக்கை, சாப்பாடு இரண்டையும் அங்கேயே முடித்துவிடலாம்.

அமெரிக்காவில் ஒரு விதி இங்கே கை கொடுக்கும். பயணத்துக்கு 7 நாளோ அதற்கு மேலோ இருக்கும்போது விமான நிறுவனத்திடம் நேரடியாகப் பதிவு செய்தால், 24 மணி நேரத்துக்குள் அபராதம் இல்லாமல் ரத்து செய்ய விட வேண்டும், அல்லது பணம் கட்டாமலே அந்த விலையை 24 மணி நேரம் பிடித்து வைத்துத் தர வேண்டும். இதைப் பயன்படுத்தி, அந்த ஒரு நாளுக்குள் எல்லாச் சரிபார்ப்பையும் முடியுங்கள். தம்பிக்கு அந்த நேரம் தாண்டிவிட்டது. மூன்று முறை கூப்பிட்டு, தவறு எங்கள் பக்கம் இல்லை, வவுச்சரை நீங்கள் எடுத்துக்கொண்டுவிட்டீர்கள், அதே விலையில் இருக்கையைத் திரும்பக் கொடுங்கள் என்று மேலாளர் வரை பேசித்தான் டிக்கெட் வந்தது. வவுச்சர் இருப்பு பூஜ்யம் ஆன திரையை அவன் படம் பிடித்து வைத்திருந்தது பெரிய உதவியாக இருந்தது, நீங்களும் பணம் கட்டும் முன்னும் பின்னும் படம் பிடித்து வையுங்கள்.

காலாவதி தேதிக்குள் பயணம் முடியவில்லையே

தேதியின் பக்கத்தில் என்ன வினைச்சொல் இருக்கிறது என்று பாருங்கள். அந்தத் தேதிக்குள் பதிவு செய்தால் போதும் என்று சில வவுச்சர் சொல்லும், அந்தத் தேதிக்குள் பயணமே தொடங்கியிருக்க வேண்டும் என்று சில சொல்லும். முதல் வகை என்றால் கடைசி வாரத்தில்கூட அடுத்த வருடப் பயணத்துக்குப் போடலாம், விமானங்கள் பொதுவாகப் பதினோரு மாதம் முன்னால் வரை விற்பனைக்குத் திறந்திருக்கும். ஆனால் கூட்டாளி விமானத்துக்கு அந்தக் கடைசி நாள் வேண்டவே வேண்டாம், மேலே சொன்ன டிக்கெட் வரிசையில் மாட்டினால் தேதி தாண்டிவிடும்.

டிக்கெட் எடுத்த பிறகு கூட்டாளி விமானத்தை ரத்து செய்துவிட்டார்கள்

பயண நாளுக்கு முன்பே தெரிந்தால் டிக்கெட் எழுதிய நிறுவனத்தைக் கூப்பிடுங்கள், கூட்டாளியைக் கூப்பிட்டால் டிக்கெட் எங்களுடையது இல்லை என்பார்கள். விமான நிலையத்துக்குப் போன பிறகு என்றால் தலைகீழ், பறக்க வைக்க வேண்டியவர் கூட்டாளி, அவர்களுடைய கவுண்டரில் நில்லுங்கள்.

அமெரிக்காவிலிருந்தோ அமெரிக்காவுக்கோ போகும் பயணத்தில் விமானம் ரத்தானாலோ, சர்வதேசப் பயணம் 6 மணி நேரமோ அதற்கு மேலோ தள்ளிப்போனாலோ, அவர்கள் தரும் மாற்று ஏற்பாடு வேண்டாம் என்று நீங்கள் சொன்னால் தொகையைத் திருப்பித் தர வேண்டும். 2024 அக்டோபர் 28 முதல் இதை நாம் துரத்திக் கேட்காமலே தர வேண்டும் என்று ஆகிவிட்டது. கட்டிய வடிவத்திலேயே திரும்பும் என்பதைக் கவனியுங்கள், கார்டில் கட்டியது கார்டுக்கு வரும், வவுச்சரில் கட்டியது வவுச்சராக வரும். திரும்பி வந்த வவுச்சரில் பழைய காலாவதி தேதியே போட்டிருந்தால் உடனே கூப்பிட்டு நீட்டித் தரச் சொல்லுங்கள், ரத்து செய்தவர்கள் அவர்கள் என்பதால் கேட்க நியாயம் இருக்கிறது.

விமானம் ஃபிராங்ஃபர்ட் போன்ற ஐரோப்பிய ஒன்றிய ஊரிலிருந்து புறப்படுவது என்றால் நட்ட ஈடு தனிக் கணக்கு. 3,500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட அந்தத் தூரத்துக்கு 600 யூரோ வரை கேட்கலாம், வானிலை போன்ற அசாதாரணக் காரணம் இருந்தால் கிடைக்காது. அதைக் கேட்க வேண்டியது டிக்கெட் எழுதியவரிடம் இல்லை, விமானத்தை இயக்கியவரிடம். அவர்கள் அதையும் வவுச்சராகத் தரப் பார்த்தால், நீங்கள் கையெழுத்துப் போட்டுச் சம்மதித்தால் ஒழிய அப்படித் தர முடியாது, வங்கிக் கணக்குக்கே அனுப்பச் சொல்லுங்கள். இந்திய நிறுவனங்களிலும் இதுபோல ஒன்று உண்டு: திரும்பி வரும் பணத்தைக் கிரெடிட் ஷெல்லில், அதாவது அந்த நிறுவனத்திடமே இருப்பாக வைப்பதா இல்லையா என்பது பயணியின் விருப்பம், நிறுவனம் தானாக அப்படிச் செய்யக் கூடாது என்று இந்திய விமானத் துறையின் கட்டுப்பாட்டு அமைப்பான டிஜிசிஏவின் விதி சொல்கிறது.

கோட்ஷேரே கிடையாது, 'நாங்களே இயக்கும் விமானத்துக்கு மட்டும்' என்று போட்டிருக்கிறது

அப்படியென்றால் வவுச்சரை அவர்களுடைய சொந்த விமானம் போகும் ஊர் வரை செலவழியுங்கள். யுனைடெட் நியூவார்க்கிலிருந்தும் அமெரிக்கன் நியூயார்க்கிலிருந்தும் டெல்லிக்கு நேராக விடுகிறார்கள், அங்கிருந்து சென்னைக்கோ மதுரைக்கோ உள்ளூர் டிக்கெட் தனியாக எடுக்கலாம். ஆனால் இரண்டும் தனித்தனி டிக்கெட், முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது நிறுவனம் உங்களுக்காகப் பொறுப்பேற்காது, பெட்டியையும் டெல்லியில் எடுத்து மறுபடி போட வேண்டும். வயதானவர்கள் தனியாக வருகிறார்கள் என்றால் நான் இந்த வழியைச் சொல்லவே மாட்டேன். அவர்களுக்குக் கார்டில் பணம் கட்டி ஒரே டிக்கெட்டாக எடுத்துவிட்டு, வவுச்சரை அமெரிக்காவுக்குள் நீங்கள் போகும் ஏதாவது ஒரு பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.